மின்தடை நாளில் அடித்த ஷாக்

செவ்வாய்க்கிழமை, காலை 9.20. திருத்துறைப்பூண்டியில் ஒரு மோட்டார் பட்டறை. உரிமையாளர் சேரன் சிமெண்டுத் தரையில் மல்லாக்கக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். வலது கையில் இரண்டு விரல் நுனி கருகியிருந்தது. மூச்சு மட்டும் இருந்தது.

ஊரில் கரண்ட் இல்லை. பராமரிப்பு வேலைக்காக ஒன்பது மணிக்கே நிறுத்திவிட்டார்கள். மாலை ஐந்துக்குத்தான் வரும்.

10.40. சேரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கயல்விழி வந்தபோது ஏட்டு சேக் தாவூது கேஸை முடித்தே வைத்திருந்தார்.

"கரண்ட் இல்லாம ஷாக் எங்கேர்ந்து மேடம் வரும்? மண்டையில அடிச்சிருக்கான். கூட வேலை பார்க்கிற ஆஸிம்தான். காலையில சண்டை, தெருவுக்கே கேட்டிருக்கு. ஜீப்புல உக்கார வச்சிருக்கேன்."

"விரல் கருகினது?"

"ஈயம் பத்த வைக்கிற அயர்ன் பட்டிருக்கும்."

"கரண்ட் இல்லாம அயர்ன் மட்டும் சூடாகுமா?"

ஏட்டு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஜீப்பில் ஆஸிம் உட்கார்ந்திருந்தான். தஞ்சாவூரில் வயர்மேன் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கேஸ் விழுந்தால் அந்த வேலை உத்தரவு வெறும் காகிதம்.

"என்ன சண்டை?"

"வேலைக்குப் போறேன்னு சொன்னேன். 'செட்டைப் பாதியில விட்டுட்டு ஓடுறியாடா'ன்னு கத்துனாரு. நானும் கத்துனேன். எட்டே முக்காலுக்குக் கிளம்பிட்டேன் மேடம்."

"நீ கிளம்பினதைப் பார்த்தது யாரு?"

"யாருமில்ல."

செட் மேஜைமேல் திறந்து கிடந்தது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைக்கிற சேரன், பாட்டுக் கேட்க ஆறு மாதமாகச் செய்துவரும் ஆம்ப்ளிஃபையர் அது; பழைய ரேடியோ போலக் கண்ணாடி வால்வுகளில் ஓடுவது. டிரான்ஸ்ஃபார்மரை அவனே சுற்றினான். வால்வுக்கு நானூறு வோல்ட் கொடுக்கும் பகுதியை ஆஸிம் வரைந்தான். அந்தப் படம் சுவரில் ஒட்டியிருந்தது. மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள், அவற்றுக்கு அடுத்து மின்சாரத்தைத் தேக்கும் பெரிய கண்டன்சர், கண்டன்சருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர். கீழே ஆஸிமின் கையெழுத்து: 'ஸ்விட்சை நிறுத்தினா ஒரு நிமிஷம் பொறு. தேங்கினதை ரெசிஸ்டர் வடிச்சிடும்.'

கயல்விழி பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பித் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. வெட்டிய முனை பளபளத்தது.

பிளக் கழற்றிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டாள். நீளமான ஸ்குரூடிரைவரைப் பிளாஸ்டிக் பிடியில் பிடித்து, கண்டன்சரின் இரண்டு முனையிலும் வைத்தாள்.

பட்! நீலப் பொறி. ஏட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"கரண்ட் இல்லைன்னீங்களே ஏட்டய்யா. அவர் கையில இறங்கினது போக மிச்சமே இவ்வளவு. எங்கப்பா சீர்காழிப் பக்கம் மோட்டார் கொட்டகையில கூலிக்கு இருந்தவர். கழட்டி வச்ச கண்டன்சரைத் தொட்டு ரெண்டு விரல் மரத்துப்போச்சு. சாகிற வரைக்கும் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது எங்கம்மா."

"அப்போ ஷாக்கு தூக்கி வீசித்தான் மண்டை உடைஞ்சிருக்கு. சரி மேடம், அந்த ரெசிஸ்டரை ஆஸிமே வெட்டியிருக்கலாமே?"

"இருக்கலாம்."

11.15. விழுந்து கிடந்தவனை முதலில் பார்த்தவர் இளையபெருமாள். ஐம்பத்தைந்து வயது, இந்தப் பட்டறையில் இருபது வருஷம். ஆறிப்போன டீ கிளாஸைத் துண்டு முனையால் பிடித்திருந்தார்.

"ஒம்போது மணிக்கு வந்தேன் மேடம். செட்டுல பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆஸிம் தம்பி கத்திக்கிட்டு நின்னான். கரண்ட் போச்சு. நான் டீக்குப் போனேன். திரும்பி வந்தா இப்படி."

"என்ன பாட்டு?"

"ஏதோ... பழைய பாட்டு."

கயல்விழி பட்டறையைச் சுற்றி வந்தாள். பீரோ பூட்டியிருந்தது. சாவி சேரனின் சட்டைப் பையில் இருந்ததாக ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார்கள். திறந்தாள். துண்டில் சுற்றிய நான்கு வால்வுகள். செட்டுக்கு இருப்பதே அந்த நான்குதான். மேஜைக்கடியில், கழற்றிய சாமான்களைப் பிறகு உதவும் என்று போட்டுவைக்கும் கிரீஸ் டப்பா. அதில் எல்லாவற்றுக்கும் மேலே, விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை ரெசிஸ்டர். கால்கள் வெட்டப்பட்டிருந்தன.

11.50. அவள் ஆஸிமை இறக்கிக் கூட்டிவரச் சொன்னாள்.

"பெரியவரே, ஆறின டீக்குத் துண்டு எதுக்கு? கட்டைவிரலைக் காட்டுங்க."

இளையபெருமாள் துண்டை விலக்கவில்லை. ஏட்டு விலக்கினார். கட்டைவிரலில் கொப்புளம்.

"வால்வு பூராவும் பீரோவுக்குள்ள. வால்வு இல்லாத செட்டு எப்படிப் பாடும்? அவர் பவர் பகுதியை மட்டும் சோதிச்சிருக்கார். கரண்ட் போனதும், வடிஞ்சிருக்கும்னு நம்பித் தொட்டிருக்கார். வால்வு மாட்டியிருந்தா அதுவாவது மிச்சத்தைக் குடிச்சிருக்கும். ஒன்பது மணிக்கு நீங்க இங்கே இல்ல. ஆஸிம் நின்னான்னு சொன்னதும் கதைதான். ரெசிஸ்டரை வெட்டினது நீங்க."

"நான் கொல்லணும்னு..."

"தெரியும். கொல்ல நினைச்சவன் அதை ஆத்துல எறிஞ்சிருப்பான். நீங்க டப்பாவுல பத்திரப்படுத்தியிருக்கீங்க. மோட்டாரைக் கையால தொட்டுப் பார்ப்பீங்க. சுட்டா, எரியப்போகுதுன்னு அர்த்தம். நேத்து இதையும் தொட்டீங்க. சரியா?"

பெரியவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கொள்ளிக்கட்டை மாதிரி சுட்டுச்சும்மா. செட்டே எரிஞ்சிடுமேன்னு, நிறுத்தி ஆறினப்புறம் வெட்டினேன். மோட்டார்ல கண்டன்சருக்கு இப்படி ஒண்ணு வைக்கிறதே இல்லையே."

"அங்கே மோட்டார் காயிலே வடிச்சிடும். இங்கே டயோடு திரும்பி விடாது. அது தெரியாதது தப்பில்ல. பழியை இந்தப் பையன் மேல போட்டீங்களே, அதுதான் தப்பு."

"பயந்துட்டேன்." ஆஸிமை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

"பொய் சொன்னதை ஸ்டேஷன்ல வந்து எழுதிக் கொடுங்க. மீதியைச் சேரன் எழுந்து சொல்லட்டும். ஆஸிம், நீ வீட்டுக்குப் போ."

அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

மாலை 4.30. சேரன் கண் திறந்தான். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டான். வார்டு வாசலில் நின்ற இளையபெருமாளை இடது கையை அசைத்து உள்ளே கூப்பிட்டான்.

"ஏண்ணே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கேஸ் வேண்டாம் என்று கயல்விழியிடம் சொன்னான்.

ஞாயிறு, காலை 11 மணி. சேரன் கட்டுப்போட்ட கையோடு நாற்காலியில் இருந்தான். ஆஸிம் இந்த முறை இரண்டு ரெசிஸ்டர் பற்றவைத்தான்; ஒன்று போனாலும் ஒன்று வடிக்கும். வால்வுகள் ஏறின. மெல்லச் சிவந்தன. ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. இரைச்சல் இல்லை.

இளையபெருமாளின் கை பழக்கத்தில் பெட்டிப் பக்கம் போனது. தொடாமல், அனலை மட்டும் பார்த்து நின்றது.

"சுடுதேப்பா," என்றார்.

"சுடட்டும் அண்ணே," என்றான் ஆஸிம். "அதான் அதோட வேலை."