பத்தாம் எண் கூண்டு

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்கள் மீதும் ஆணை. இரண்டுமே லென்ஸ் மாற்றியவை, ஐந்தாண்டு உத்தரவாதம் உள்ளவை. சொந்தக் கண் மீது சத்தியம் செய்கிறவர்களால் அப்படி ஓர் உத்தரவாதம் தர முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அன்று மாலை நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக் கதவு என்னை வெளியே போகச் சொன்னது.

“பெரியவரே, வணக்கம். இந்த வீட்டுக்குப் பத்தாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது. தயவுசெய்து வெளியேறவும். டம்ளரை எடுத்துச் செல்லலாம்.”

எடுத்துச் சென்றேன். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. முதல் மாதங்களில் கதவு டம்ளரைப் பற்றிச் சொன்னதில்லை. பழக்கத்தில் அதற்கும் கொஞ்சம் இரக்கம் வந்திருந்தது.

தூத்துக்குடியில் கடல் ஊருக்குள் வந்தது. ஆகவே ஊர் கடலுக்குள் போயிற்று. நாங்கள் இருப்பது இருபத்து நான்கு மாடி மிதவைக் குடியிருப்பு. படகுகள் செயற்கைக்கோளோடு நேரடியாகப் பேசக் கற்றுக்கொண்ட பிறகு, துறைமுகத்தின் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. அதே காலத்தில் நாட்டில் பிள்ளை பிறப்பதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. எங்கள் மிதவை முழுவதற்கும் ஒரே ஒரு குழந்தைதான். அது அழுதால் மற்ற மாடிக்காரர்கள் லிஃப்டில் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

அரசாங்கம் கருவேளைத் துறை என்று ஒன்றைத் தொடங்கியது. சும்மா கிடந்த கூண்டுகளை அந்தத் துறை வாங்கி ஒவ்வொரு மிதவையின் மொட்டைமாடியிலும் நிறுத்தியது. கல்யாணமான பெண்களுக்கெல்லாம் காலில் வேளைமெட்டி போட்டார்கள். கையில் போடும் கருவியைக் கழற்றி வைப்பார்கள், மெட்டியைக் கழற்ற மாட்டார்கள் என்று யாரோ புத்திசாலி கண்டுபிடித்திருக்கிறார். கருமுட்டை வெளிவருவதற்கு முன் உடம்பில் ஒரு ஹார்மோன் குபீரென்று எழும். மெட்டி அதை வியர்வையில் மோப்பம் பிடித்து மொட்டைமாடிக்குச் சொல்லும். அறிகுறி தெரிந்தால் ஒன்றாம் எண். நெருங்கினால் மூன்றாம் எண். இன்றுதான் என்றால் பத்தாம் எண். கூண்டுக்குக் கீழே வீட்டு எண்ணும் விளக்கில் எரியும்.

பத்து ஏறியதும் கணவன் எங்கே இருந்தாலும் துறையின் படகு அள்ளிக்கொண்டு வந்துவிடும். வீட்டில் மற்றவர்கள் இருக்கக்கூடாது. பக்கத்து வீடுகளில் மிக்ஸி ஓடாது. சட்டம் அப்படி.

எல்லா வீட்டுக்கும் மாதத்துக்கு ஒருமுறை பத்து ஏறும். என் மருமகள் செண்பகவல்லிக்கு வாரம் மூன்று முறை ஏறியது.

லிஃப்டில் என் மகன் பொன்னுலிங்கம் எதிரே வந்தான். கடல் காற்றாலையில் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தவனை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். கையில் ஸ்பானர், தலையில் உப்பு.

“சாப்பிட்டீங்களாப்பா?”

“ஆச்சுடா. நீ?”

“எங்க!” என்றான். லிஃப்ட் மூடிக்கொண்டது. அந்த வருடம் அவனோடு நான் பேசியதெல்லாம் அந்த லிஃப்டில்தான்.

கீழ்த்தளத்தில் ஒதுங்குகூடம் என்று ஒன்று உண்டு. வெளியேற்றப்பட்ட மாமனார்கள், மாமியார்கள் உட்காரும் இடம். எனக்கு அங்கே தனி நாற்காலி. எட்டாம் மாடி ஐகோர்ட்துரை மாதம் ஒருமுறை வருகிறவர். என்னைக் கண்டதும் எழுந்து இடம்விட்டார்.

“என்ன வே, இன்னைக்குமா?”

“இன்னைக்கும்தான்.”

“ஒம்ம மவனுக்கு எலும்பாவது மிஞ்சுமாவே?”

நான் காபியைக் குடித்தேன். மாவட்டத்திலேயே அதிக வேளை கண்ட பெண் என்று செண்பகவல்லிக்குத் துறை ஒரு குத்துவிளக்கு பரிசளித்திருந்தது. அவள் அதைக் குளியலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.

அடுத்த நாள் காலை அவள் வாயில் எதையோ கவ்விக்கொண்டு சமையலறையில் நின்றாள். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர். எடுத்துப் பார்த்தாள், உதறினாள்.

“மாமா, வெக்கத்த விட்டு ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன். எனக்கு முட்டை வரவே இல்ல.”

“கூண்டு ஏறுதே, தாயி?”

“பஸ் வருது, பஸ் வருதுன்னு போர்டுல எழுத்து ஓடுது. பஸ்ஸு டெப்போவ விட்டே கெளம்பல.”

அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. பிசிஓஎஸ் என்பார்கள். சின்னச் சின்னதாக முட்டைகள் நிறையத் தொடங்கும், ஒன்றும் முற்றாது. கிளம்பு என்று விரட்டுகிற ஹார்மோன் மட்டும் எப்போதும் ஏறியே இருக்கும். மெட்டிக்கு அந்த விரட்டல் மட்டும்தான் தெரியும். முட்டை நிஜமாகவே வெளிவந்தால் மறுநாளிலிருந்து உடம்புச் சூடு ஒரு பொட்டு கூடி, கூடியபடியே நிற்கும். அவளுக்கு ஒரு வருடமாக அது கூடவில்லை.

“இதுக்கு மருந்து இல்லையா?”

“இருக்கு மாமா. முதிர்மாத்திரை. ஒத்த முட்டைய முத்த வச்சு வெளிய அனுப்பிரும். துறைதான் குடுக்கணும்.”

நானும் அவளும் துறைக்குப் போனோம். அலுவலர் ஜெசிந்தா மேரி நல்லவர். திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“மாத்திரை வேளை வராதவங்களுக்கு, பெரியவரே. ஒங்க மருமகளுக்கு வர்ற வேளைய நாலு வீட்டுக்குப் பங்கு வைக்கலாம்.”

“சூடு ஏறலையே மேடம்,” என்று செண்பகவல்லி தெர்மாமீட்டரை நீட்டினாள்.

“இத எங்கம்மா வாங்குன? மியூசியத்துலயா?”

“என் ஒடம்பு எனக்குத் தெரியாதா மேடம்?”

“ஒனக்குத் தெரியும்மா. சிஸ்டத்துக்குத் தெரியணும்ல? நூறு நாள் சேந்தாப்புல கூண்டு ஏறாம இருக்கட்டும். மாத்திரை வீடு தேடி வரும்.”

வீட்டுக்கு வந்தால் வாசலில் மீனவர்கள் பத்துப் பேர். தலைவர் சந்தியாகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார். படகு, போ என்கிறதாம். கூண்டு, போகாதே என்கிறதாம். பாட்டன் காலத்துப் பழக்கம், பத்தாம் எண்ணைப் பார்த்துவிட்டுக் கடலில் கால் வைக்க மனம் வரவில்லையாம்.

“ஐயா, ஒங்க மருமவ புயலு எப்பதான் கரையக் கடக்கும்? எங்க வலையெல்லாம் காஞ்சு கருவாடாப் போச்சு.”

செண்பகவல்லி உள்ளே போய்விட்டாள். நானும் கைகூப்பி, “கடக்கும், கடக்கும்” என்றேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் என் தட்டைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, ஒங்க விரலு ஒல்லிதான?”

இப்படியாக எழுபத்து நான்காம் வயதில் நான் மெட்டி போட்டுக்கொண்டேன். என் மனைவி வடிவுக்கு நான் அம்மி மேல் கால் வைத்துப் போட்டேன். எனக்கு என் மருமகள் சோபாவில் கால் நீட்டச் சொல்லித் தன் வேளைமெட்டியைப் போட்டாள். மேலே சாக்ஸ். பொன்னுலிங்கம் பார்த்துவிட்டுக் காற்றாலைக்குப் போனான். வேலை நேரம் முழுவதும் வேலை பார்த்தான். அவனுக்கே அது புதுமையாக இருந்தது.

கூண்டு அடங்கியது. என் உடம்பில் எழுவதற்கு ஏதும் மிச்சம் இல்லை என்பதை அரசாங்கமே உறுதி செய்தது. கதவு என்னிடம் பேசவில்லை. சந்தியாகு சீலா மீன் கொடுத்தனுப்பினார். ஒதுங்குகூடத்தில் என் நாற்காலியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். செண்பகவல்லி சமைக்கும்போது பாடத் தொடங்கினாள். நூறு முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. மாத்திரை வந்தால் தண்ணீரில் விழுங்குவதா, பாலில் விழுங்குவதா என்றுகூட என்னிடம் கேட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை லிஃப்ட் திறந்தது. ஜெசிந்தா மேரி வந்தார். பின்னால் தாம்பாளம் தாம்பாளமாகக் கண்ணாடி வளையல். அதற்குப் பின்னால் இருபத்து நான்கு மாடியும்.

“வாழ்த்துகள் பெரியவரே! தாத்தா ஆயிட்டீங்க.”

“எப்படி?” என்றேன்.

“கூண்டே ஏறாதவளுக்கு அமைதின்னா நோய். கூண்டு ஏறுனவளுக்கு அமைதின்னா கர்ப்பம். இது தெரியாதா? சிஸ்டம் நேத்தே பதிஞ்சிருச்சு.”

“ஒரு ஸ்கேன் பாக்கலாமே மேடம்?” என்றாள் செண்பகவல்லி.

“ஸ்கேன் சந்தேகம் இருக்கவங்களுக்கும்மா. எங்களுக்குச் சந்தேகமே இல்ல.”

மெட்டியை மாற்றிப் போட்டோம் என்று சொல்லலாம். சொன்னால் அது கருவி மோசடி. மெட்டி பறிபோகும், சிகிச்சை உரிமை ஆயுள் முழுக்கப் பறிபோகும். சொல்லாவிட்டால் கர்ப்பிணிக்கு மாத்திரை கிடையாது. பிறந்த பின்னும் கிடையாது, மாத்திரை முதல் பிள்ளைக்கு மட்டும்தான். நான் சாக்ஸோடு நின்றேன். மெட்டி விரலைக் கடித்தது.

அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். சந்தியாகு மாதாவுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐகோர்ட்துரை என் முதுகில் தட்டி, “விடாமுயற்சிவே!” என்றார். பொன்னுலிங்கத்தை அன்றும் படகில் அள்ளி வந்தார்கள். அவன் சுவரோரம் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தான். ஒவ்வொருத்தியாக வந்து வளையல் அடுக்கினார்கள், முழங்கை வரைக்கும்.

நான் குனிந்து அவள் காதில் கேட்டேன். “சொல்லிரட்டுமா, தாயி?”

“வேண்டாம் மாமா. பேசாம இருங்க.” கையை மடியில் இறக்கி வைத்து, “கை கனக்கு மாமா,” என்றாள்.

சிஸ்டம் கணக்குத் தவறாமல் பிள்ளை பிறந்ததாகப் பதிந்தது. பெண். பெயர் கேட்டார்கள். பொன்னுலிங்கம் கடலரசி என்று சொன்னான். சொல்லும்போது தடுமாறவில்லை, முன்பே யோசித்து வைத்திருக்கிறான். பால் ரேஷன் வந்தது, பள்ளியில் இடம் வந்தது. துறையின் ஆட்கள் வாசலுக்கு மேல் ஒரு நீல விளக்கு மாட்டிப் போனார்கள். ‘குழந்தை உறங்குகிறது’ என்று அதில் எழுத்து ஒளிரும்.

விளக்கு எரியும் நேரங்களில் செண்பகவல்லி குழாயைச் சிறிதாகத் திறக்கிறாள். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கவிழ்க்கிறாள். பொன்னுலிங்கம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறான். எனக்கு இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்கிறேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. முதலில் நிறுத்தவேண்டியது யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எனக்கும் வடிவுக்கும் பிள்ளை பிறக்கவே இல்லை. பொன்னுலிங்கம் என்று பெயர் மட்டும் யோசித்து வைத்திருந்தோம்.