றஞ்சிதம் தைத்த பிடிசீலைகள்

காலையில் அடுப்படிக்குள் வந்த றஞ்சிதம் வெறும் ஆணியைப் பார்த்து நின்றாள். சூடான சட்டியைப் பிடித்து இறக்க அங்கே தொங்கவிட்டிருந்த பிடிசீலைகள் ஒன்றையும் காணவில்லை. அடுப்பில் அவள் ஏற்றிவிட்டுப் போன சோறு வெந்து, கஞ்சி வடிக்கும் பதத்துக்கு வந்திருந்தது. சாம்பலுக்குள் பச்சைக் கம்பளி நூலின் ஒரு நுனி மட்டும் கருகாமல் கிடந்தது.

வாசற்படியில் மாமியார் மதலேனாள் நின்றாள்.

"நான்தான் எரிச்சனான். இந்த வீட்டுப் பொம்பிளையள் எல்லாரும் கந்தையால சட்டி இறக்கினவையள்தான். நீ மட்டும் என்ன, துரைசாணியோ?"

சில மாதங்களாகவே றஞ்சிதம் எதற்கும் பதில் சொல்வதில்லை.

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில் சொந்த வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்த அருட்பிரகாசத்தின் மனைவி அவள். நானாட்டான் பக்கத்து வயற்காட்டிலிருந்து கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிள்ளை இல்லை. முன்பெல்லாம் சிரித்த முகமாகத் திரிந்தவள்தான். கடந்த மாரிமழைக் காலத்திலிருந்து ஆளே மாறிப்போனாள். கணவனின் கிழிந்த சாரம், மைத்துனி றோசம்மாவின் பழைய சட்டை, பாயில் விரித்த சீலை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சதுரமாக வெட்டினாள். நாலைந்து மடிப்பு வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்தாள். கன்னியர் மடத்தில் மிஞ்சிய கம்பளி நூலைக் கேட்டு வாங்கி வந்து, கொக்கி ஊசியால் ஓரம் பின்னினாள். ஒன்று நைந்துபோக முன்பே அடுத்தது தயாராகிவிடும்.

அது மட்டும் என்றால் மதலேனாள் பொறுத்திருப்பாள். மருமகள் தனிக் கோப்பையில் சாப்பிட்டாள். அடுப்படியில் தனிப்பாய் போட்டுப் படுத்தாள். அருட்பிரகாசம் ஒரு தடவை ஏன் என்று கேட்டான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. கடலுக்குப் போவான், வருவான், போட்டதைத் தின்பான். மகனின் வாடிய முகத்தைப் பார்க்கப் பார்க்க மதலேனாளுக்கு வயிறு எரிந்தது. அவனை ஒதுக்கிவைத்துவிட்டு இவள் பூப்பின்னிக்கொண்டு இருக்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதாள்.

றஞ்சிதத்துக்கு நடந்தது வேறு. மாரியில் ஒருநாள் தைத்துக்கொண்டிருந்தபோது துணியில் இரத்தம் பரவியது. இடது கைச் சுண்டுவிரலில் ஊசி முழுவதுமாக ஏறியிருந்தது. அவளுக்கு வலிக்கவில்லை. முழங்கைக்கு மேலே ஒரு தேமல் இருந்தது. அதைக் கிள்ளிப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. சிறுவயதில் அவள் ஊரில் வயல் செய்த ஒரு கமக்காரனுக்கு இப்படித்தான் தொடங்கியது. குஷ்டம் என்று கண்டதும் வெள்ளைக்காரரின் சட்டப்படி அவனைக் கொழும்புப் பக்கத்து ஹெந்தலைக் குஷ்டரோக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் தங்கச்சிமார் கடைசிவரை கல்யாணமாகாமல் இருந்தார்கள்.

அன்றைக்கே அவளுக்குள் ஏதோ ஒன்று அடங்கிப்போனது. அழுகை வரவில்லை. கைநீளச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டாள். சூடு தெரியாத கையில் தீப்புண் விழுந்தால் ஊர் கண்டுபிடித்துவிடும் என்று பிடிசீலை தைத்தாள். றோசம்மாவின் கல்யாணம் முடியும்வரை மறைத்தால் போதும் என்பது மட்டுமே நினைப்பாக இருந்தது.

அந்தக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கத்தான் பேசாலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இன்று வருகிறார்கள்.

மாமியாரின் ஏச்சு ஓயவில்லை. றஞ்சிதம் அடுப்புக்கு முன்னால் குனிந்து, சேலைத் தலைப்பை வலது கையில் சுற்றிக்கொண்டு பானையைப் பிடித்தாள். சூடு தெரிகிற கை துணியைத் தேடியது. சூடு தெரியாத இடது கை வெறுமனே போய்ப் பானையின் கழுத்தைப் பற்றியது.

தோல் பொசுங்கும் மணம் எழுந்தது. மதலேனாளின் வாய் அப்படியே நின்றது. மருமகளின் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. பானையைத் தூக்கி, நடந்து, கஞ்சியை வடித்து, மெதுவாக வைத்தாள். பிறகுதான் கையைப் பார்த்தாள்.

மதலேனாள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே தள்ளினாள். தேமலைக் கண்டாள். அதை அழுத்திக் கிள்ளினாள்.

"எப்ப தொட்டு, பிள்ளை?"

"மாரியிலயிருந்து, மாமி."

"அவனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. தெரிஞ்சா என்னைப் போக விடமாட்டார். ஊருக்குத் தெரிஞ்சா றோசம்மாவை ஆர் எடுப்பினம்? அவளுக்குத் தாலி ஏறட்டும். பிறகு நானே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுறன்."

மதலேனாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தேங்காயெண்ணெய் தடவி, தன் வெள்ளைச் சேலையைக் கிழித்துக் கையைக் கட்டினாள். றஞ்சிதம் யாரோ ஒருத்திக்குக் கட்டுப்போடுவதைப் பார்ப்பது போல இருந்தாள்.

வந்தவர்கள் போகும்வரை கொட்டிலுக்குள் இரு, பிறகு பார்ப்போம் என்று மாமியார் கெஞ்சினாள். இதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று றோசம்மா கேட்டுக்கொண்டிருந்தது இருவருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து கதிரைகளில் அமர்ந்தார்கள். பங்குச் சாமியாரிடம் எந்த நாளைக் கேட்பது என்று பேச்சுத் தொடங்கியதும் றோசம்மா நடுவீட்டுக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. மாப்பிள்ளையின் தாயைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமி, என்ர மச்சாளுக்குக் குஷ்டம் வந்திட்டுது. என்ர கல்யாணம் குழம்பக்கூடாதெண்டு ஆருக்கும் சொல்லாமல், எங்களிட்ட ஏச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவ. அவவை ஒளிச்சுவைச்சிட்டு நான் உங்கட வீட்டுக்கு வரமாட்டன். தெரிஞ்சுகொண்டு முடிவு சொல்லுங்கோ."

மாப்பிள்ளையின் தாய் எழுந்து வெளியே போனாள். மற்றவர்களும் போனார்கள். மாப்பிள்ளை அமிர்தநாயகம் மட்டும் இருந்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். றோசம்மா கொண்டுவந்து கொடுத்ததைக் குடித்து முடித்தான்.

"அம்மாவோட நான் கதைக்கிறன். தவக்காலம் முடியட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மத்தியானம் கடலால் திரும்பி வந்த அருட்பிரகாசத்துக்குத் தாய்தான் சொன்னாள். அவன் நனைந்த சாரத்தோடு அடுப்படிக்கு வந்தான். கிட்ட வரவேண்டாம் என்று றஞ்சிதம் கையை நீட்டி மறித்தாள். அவன் கேட்காமல் பக்கத்தில் இருந்தான்.

"உனக்கு என்னைப் பிடிக்கேல்லையெண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தன்… ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, றஞ்சிதம்."

"சொல்ல வாய் வரேல்லை," என்றாள் அவள். அவன் அழுதான். தானும் அழவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கண் வறண்டே இருந்தது.

மன்னார் ஆஸ்பத்திரி டாக்குத்தர் பார்த்துவிட்டு, அதுதான் என்றார். உயிர்த்த ஞாயிறு கழிந்து கோயிலில் றோசம்மாவின் பெயரும் அமிர்தநாயகத்தின் பெயரும் கல்யாண அறிவிப்பு ஓலையில் வாசிக்கப்பட்டன. கல்யாணம் முடியும்வரை நிற்கும்படி றோசம்மா அழுது கேட்டாள். றஞ்சிதம் சம்மதிக்கவில்லை. கணவன் கொண்டுபோய் விட்டுவர, ஹெந்தலைக்குப் புறப்பட்டாள்.

மன்னார் ஸ்ரேசனில், கட்டுப்போட்ட கையோடு நின்ற அவளைச் சுற்றிச் சனம் விலகி நின்றது. விசயம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மதலேனாள் அந்தச் சனத்துக்கு நடுவே நேரே வந்தாள். எல்லாரும் பார்க்க மருமகளை இழுத்து அணைத்தாள்.

"நான் பெத்ததுகளுக்கு நீதானடி தாயாய் இருந்தனி. என்னை மன்னிச்சுக்கொள், மகள்."

"மாமி, அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு குடுங்கோ," என்றாள் றஞ்சிதம்.

றயில் வந்தது. ஏறி யன்னலோரம் இருந்தாள். வண்டி அசைந்தபோது கீழே பார்த்தாள். யன்னலில் வைத்திருந்த அவளுடைய இடது கையை மதலேனாள் இரண்டு கைகளாலும் பிடித்தபடி கூடவே நடந்து வந்துகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாளோ, றஞ்சிதத்துக்குத் தெரியாது. கண்ணால் கண்டுதான் அறிந்தாள். அப்போதுதான், அத்தனை மாதத்துக்குப் பிறகு, அவள் கண்கள் நிறைந்தன.