வால் இல்லாத தோல்

சுண்ணாம்புக் குழியிலிருந்து தூக்கிக் கட்டையில் போட்ட தோலுக்கு வால் இருந்த இடமே இல்லை. எருமையோ ஆடோ, எந்தத் தோலை விரித்தாலும் கழுத்து ஒரு பக்கம், கால் நாலு பக்கம், பின்னால் வாலுக்கு நாக்குப்போல ஒரு நீட்டம் இருக்கும். தாராவித் தோல் கிடங்கில் கத்தி பிடித்தே காலம் போன வெயிலுமுத்துவுக்குக் கண்ணை மூடினாலும் அது கைக்குத் தெரியும். கை தேடிப் பார்த்தது. கிடைக்கவில்லை.

அறுபத்து நாலாம் வருஷத்து ஆடி மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானமே விளக்குப் போட்டிருந்தார்கள். சுண்ணாம்பும் அழுகின கொழுப்பும் கடுக்காய்த் தண்ணியும் சேர்ந்த அந்த நாற்றம் அவனுக்குச் சொந்த வேர்வை மாதிரி, மூக்கில் தட்டுவதே இல்லை. இன்றைக்குத் தட்டியது. அதில் மாட்டு வாடை இல்லை.

பத்து நாளைக்கு முன்னால் இந்தத் தோலை உப்புப் போட்டுச் சுருட்டிக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். ஒரு பொம்பளை, ஒரு ஆம்பிளை. அவள் வேட்டியைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தாள். அவன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தான். இடது சட்டைக்கை முடிச்சுப் போட்டுத் தொங்கியது, உள்ளே கை இல்லை. இந்த ஊரில் எல்லாரையும் அண்ணாச்சி என்று கூப்பிடவேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வாசலில் கட்டியிருந்த ஆட்டையும் அவர்கள் அண்ணாச்சி என்றார்கள்.

"கை எங்கவே போச்சு? மில்லுலயா?" என்று கேட்டான் வெயிலுமுத்து.

"இன்னும் எறநூறு வருஷம் கழிச்சு ஒரு மிருகம் தின்னுட்டுது அண்ணாச்சி" என்றான் அவன், பஸ் தாமதமாக வந்தது என்பதுபோல.

கிடங்கே சிரித்தது. "அப்ப இப்ப முளைச்சிருக்கணுமேவே!"

"எங்க பின்னாலயே அதுவும் வந்துரும்" என்றாள் அவள். "தோல் மேளம் கேட்டாத்தான் படுக்கும். எங்க காலத்துல மாடு இல்ல, ஆடு இல்ல. தோல் உள்ளது மனுஷன் மட்டும்தான். அதைப் பதம் போடத் தெரிஞ்ச ஆளு அங்க இல்ல. அதான் இங்க வந்தோம். மேளத்துக்கு வேணும்."

அதற்கும் சிரித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு பேரும் வாசலிலேயே குந்தியிருந்தார்கள். அவன் ஒற்றைக் கையால் தொடையில் தட்டுவான். ஒரு அடி, பிறகு இல்லாத கை தட்டவேண்டிய இடத்தில் ஒரு வெறுமை. மறுபடி ஒரு அடி. அந்த வெறுமை வெயிலுமுத்துவின் பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு வாசல் காலியாக இருந்தது.

இரண்டு பிடி வைத்த வளைந்த கத்தியால் சதைப்பக்கத்தை வழித்தான். நடுவில் கத்தி தட்டியது. குறுக்குச் சாய்வாக, கயிறு புதைத்தது மாதிரி ஒரு திட்டு. முள் கிழித்து ஆறினதாக இருக்கும் என்று தாண்டிப் போனான். தோலைப் புரட்டினான்.

மேல் ஓரத்தில் தேள் இருந்தது.

பச்சைத் தேள். கொடுக்கு இல்லாத தேள். மாஹிம் திருவிழாவில் தம்பி பூலோகம் புஜத்தில் பச்சை குத்தும்போது, பாதியில் வலி பொறுக்காமல் கையை உருவிக்கொண்டு ஓடினான். கொடுக்கு மட்டும் பாக்கி. சந்தே கேலி செய்தது. உலகத்தில் அப்படி ஒரு தேள்தான் உண்டு.

பூலோகம் காலையில் உயிரோடு டீ குடித்தான். அப்படியானால் இது இன்னும் உரிக்காத தோல்.

பூலோகத்தைத் தேடி வீட்டுக்கு ஓடினான்.

கழிமுகத்து ஓரம் சேறு மூச்சு விட்டது. நாய் ஒன்றும் குரைக்கவில்லை. வண்டியில் பூட்டின எருமை ஒன்று நின்ற இடத்திலேயே நடுங்கியது. சேறு எழுந்தது. வாய் மட்டும்தான் தெரிந்தது, கதவு அகலத்துக்கு. ஈரத்துணியைக் கிழிக்கிற சத்தம். எருமையின் முன்பாதி இரண்டடி நடந்துவிட்டு விழுந்தது. சூடான ரத்தம் வெயிலுமுத்துவின் உதட்டில் உப்பாகத் தெறித்தது.

அவர்கள் சொன்னதெல்லாம் நிஜம். மேளம் இல்லாமல் அவர்கள் போகமாட்டார்கள். தோல் இல்லாமல் மேளம் இல்லை.

ஓடும்போதே அந்த நினைப்பு வந்தது. கத்தி பட்ட தோல் மேளத்துக்கு ஆகாது. தாராவியில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். உரிக்கிறவன் கை தவறினால் தோலைத் தூக்கி எறிவார்கள். இடுப்பில் உரிகத்தி இருந்தது.

பூலோகம் செம்பூர்க் கல்யாணத்துக்குப் போக மேளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, சட்டையக் கழத்து."

"என்னண்ணே, மாப்ள பாக்க வந்தியோ? மூஞ்சியெல்லாம் ரத்தம்! எந்த மாடு முட்டிச்சு?"

"கழத்துல! குப்புறப் படு."

"குடிச்சிருக்கியா?"

சட்டையைப் பிடித்துக் கிழித்தான். புஜத்தில் தேள். முதுகு வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல். தள்ளினான். முழங்காலால் அமுக்கினான்.

"உன்னைக் காப்பாத்துதேம்ல. அசையாத."

தோளிலிருந்து இடுப்பு வரை இழுத்தான். ஆழமாக. தம்பி அலறினான். மேளம் உருண்டது. கை வழுக்கியது. அலறல் முனகலானது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை இடித்தார்கள்.

கதவு திறந்தபோது முன்னால் நின்றது அந்தப் பொம்பளை. பின்னால் ஒற்றைக்கையன். அவர்களுக்குப் பின்னால் சந்து நிறைய ஓடுகிற காலடி, கூச்சல், அதற்கும் பின்னால் கூரைகள் நொறுங்குகிற சத்தம்.

"இந்தத் தோலு ஆகாது! கத்தி பட்டுட்டு! போயிருங்க!"

அவள் முதுகைப் பார்த்தாள். சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

"சரியான சாய்வு. எத்தனையோ பேர் தோலைப் போட்டுப் பாத்தோம் அண்ணாச்சி, எல்லாம் கிழிஞ்சது. இது ஒண்ணுதான் நிக்குது. ஆறட்டும். எங்களுக்கு அவசரம் இல்ல."

கத்திக்கு அடியில் தட்டின அந்தத் திட்டு. குறுக்குச் சாய்வாக. தோளிலிருந்து இடுப்புக்கு. பச்சை வெட்டுத்தான் கிழியும். ஆறின தழும்பு கிழியாது. அதுவும் அவனுக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தெரியும்.

"கட்டையில பாதிதான்... பாதிதான் வழிச்சிருக்கேன்" என்றான்.

"மீதியையும் பின்னால வழிச்சு முடிச்சுட்டீங்க அண்ணாச்சி. ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள்.

ஒற்றைக்கையன் கக்கத்தில் இடுக்கியிருந்ததன்மேல் சுற்றியிருந்த கோணியை உருவினான். மேளம். முகப்பில் குறுக்காக அந்தத் தழும்பு. ஓரத்தில் தேள்.

தட்டினான்.

ஒரு அடி. வெறுமை. ஒரு அடி. வெறுமை.

வெளியே நொறுங்குகிற சத்தம் நின்றது. கனமான ஏதோ ஒன்று வாசலில் மடங்கிப் படுத்தது. அதன் மூச்சில் விளக்கு அணைந்தது.

இருட்டு. ஒரு அடி. வெறுமை.

அப்புறம் வெறுமை இல்லை. தரையில், ரத்தத்துக்குள்ளே, நினைவில்லாமல் கிடந்த பூலோகத்தின் விரல்கள் அந்த இன்னொரு கையின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தன.