வூடு என்றால் விறகு இல்லை

அமிர்தியில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. மலைமேல் தன் ஊரான நெல்லிவாசல்நாட்டுக்குப் போகும் ஷேர் ஜீப்பில் நதியா போனுக்குள்ளேயே கவிழ்ந்து கிடந்தாள். பத்தொன்பது வயது. வேலூரில் கல்லூரி. கண் விழித்தது முதல் இங்கிலீஷ் கற்றுத்தரும் ஆப்போடுதான் பேச்சு. மனிதர்கள் முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன மாதம் வகுப்பில் இங்கிலீஷில் பேச எழுந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமை மறுபடி பேச வேண்டும். இந்த முறையும் உட்கார்ந்தால் படிப்புக்கே முழுக்கு என்று முடிவெடுத்திருந்தாள்.

"மை வூடு ஈஸ் இன் தி ஹில்ஸ்..." என்று போனிடம் முணுமுணுத்தாள். பதற்றத்தில் 'ஹோம்' வர வேண்டிய இடத்தில் ஊர் வார்த்தை முந்திக்கொண்டது.

வளைவில் ஜீப் குலுங்க, போன் எகிறி எதிரே இருந்தவன் மடியில் விழுந்தது. அவள் 'வூடு' என்றதை அது 'வுட்' என்று எழுதிக் காட்டியிருந்தது. அவன் படித்துவிட்டான்.

"இன்னாங்க, மலைல வெறகு வியாபாரமா?"

மழைத்துளி தங்கிய இமைகள்... அதற்குள்ளே ஒரு சிரிப்பு. அழகாகத்தான் இருந்தான். அதனாலேயே கோபம் கூடியது.

"குடுங்க இப்டி. உங்க வேலைய பாருங்க."

சற்றுத் தள்ளி, சாலையில் மரம் விழுந்திருந்தது. ஜீப் நின்றது. டவரும் போய்விட்டது. ஆப் நின்றுபோன திரையையே அவள் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதைக் கவனித்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. நா ரஞ்சித், கண்ணமங்கலம். எனக்கும் அதே ஆப்புதான். ஆளப் பாத்தா வேர்த்துடும்... ரெண்டு இன்டர்வியூல எழுந்து வந்துட்டேன்."

"என்னப் பாத்து யாரும் பாவப்பட வேணாம்."

"பாவப்படலீங்க. பயமா இருக்குதுன்னு என்னைய சொல்றேன்."

அந்த ஒரு சொல்லில் அவள் வீம்பு தளர்ந்தது. போனைப் பைக்குள் போட்டாள்.

அவன் தொண்டையைச் செருமினான். "ஐ... ஐ கம் டாமரின்ட்."

"ஓ... நீங்க புளியா?"

"புளி வாங்க வந்தேங்க. சரி வுடுங்க, புளியும் வெறகும் இருக்குது, கொழம்பு வெச்சிடலாம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மரத்தை அகற்றும் வரை பேர், ஊர், திங்கட்கிழமைப் பேச்சு என்று எல்லாவற்றையும் இருவரும் தப்புத் தப்பான இங்கிலீஷில் பேசித் தீர்த்தார்கள். ஒருவரை ஒருவர் திருத்தவேயில்லை.

திங்கட்கிழமை. போன் பைக்குள். முப்பது ஜோடிக் கண்கள். நதியாவின் வாயில் முதல் வாக்கியமே மறுபடி 'வூடு' என்று வந்து விழுந்தது. யாரோ சிரித்தார்கள். ஆனால் அவள் உட்காரவில்லை.

"எஸ், வூடு," என்றாள் நிமிர்ந்து. "நாட் வுட். இன் மை ஹில்ஸ், திஸ் இஸ் த வேர்ட் ஃபார் ஹோம்."

சாமை விளைவதைச் சொன்னாள், மழையைச் சொன்னாள். முடித்தபோது சிரித்தவளே முதலில் கைதட்டினாள். தன் குரலை நினைத்து நதியாவுக்கே கர்வமாக இருந்தது.

சனிக்கிழமை அதே ஜீப். அதே எதிர் சீட்டில் ரஞ்சித்.

"பேசிட்டேங்க," என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. ஏதோ சொல்ல வந்தவன், தயங்கி, போனில் தட்டி அவள் பக்கம் நீட்டினான். அவள் பார்க்கவில்லை. திரையைக் கையால் மூடினாள்.

"வாயால சொல்லுங்க."

அவனுக்கு வேர்த்தது. வெளியே மழை.

"நதியா... ஐ லவ் யூ. ஒனக்குப் புடிச்சிருந்தா... படிப்பு முடிச்சப்புறம், ஒங்க வூட்டுக்கு வந்து பொண்ணு கேக்கலாமா?"

இங்கிலீஷ் பிசகவில்லை. கண்கள் பளபளக்க, அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"வெறகு வாங்க வர்றதா இருந்தா வேணாம்... வூட்டுக்குன்னா வாங்க."