ஒலி அடங்காத டிரான்சிஸ்டர்

காட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து வேதவல்லியின் காது டிரான்சிஸ்டரிலேயே இருந்தது. பீப்... பீப்... உளவுத்துறையில் அவளுடைய கூட்டாளி கோமதிநாயகம் அனுப்பும் ஒலி! எதிரிகளிடமிருந்து அணையின் வரைபட ஃபிலிமை மீட்டுத் தப்பியவன், கால் முறிந்து இங்கே எங்கோ கிடக்கிறான். இருட்டுவதற்குள் அவனுடைய கருவியில் பேட்டரி தீர்ந்துவிடும்.

டிரான்சிஸ்டருக்குள் செம்புக் கம்பி சுற்றிய கரிய குச்சி ஒன்று உண்டு. ஒலி வரும் திசைக்குக் குறுக்காக அது இருந்தால் சத்தம் உரக்கக் கேட்கும். அதன் முனை அந்தத் திசையை நோக்கினால் அடங்கிவிடும். அடங்கும் திசையில் நடந்தால் ஆளைப் பிடித்துவிடலாம்! ஆனால் ஆற்றங்கரைக்கு வந்தபின் எப்படித் திருப்பினாலும் அடங்கவே இல்லை.

“என்னம்மா, பெட்டி மக்கர் பண்ணுதா?” என்றார் கூட வந்த மேலதிகாரி எத்திராஜ். “நான் தண்ணி பிடிச்சிட்டு வரேன். ரெண்டு தட்டு தட்டிப் பாரு.”

அவர் பாறைகளுக்கு அப்பால் போகப் போக, சத்தம் மெலிந்தது. வேதா சட்டென்று பெட்டியைத் திருப்பினாள். பின்னாலிருந்த குன்றுப் பக்கம் அடங்கியது! அவர் திரும்பி வர வர, மறுபடி உரத்தது.

இவர் தோள்பையில் அதே ஒலியை அனுப்பும் இன்னொரு கருவி! பக்கத்திலேயே ஒலித்து, கோமதியின் மெல்லிய ஒலியை அமுக்குகிறது. எதிரிகளின் ஆள்! அவன் இங்கேயே சாகட்டும் என்றுதான் கூட வந்திருக்கிறார். முகத்தில் காட்டினால் அவளும் பிணம்தான்.

“அக்கரைப் பக்கம் காட்டுது சார்.” குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். “பரிசல் கிடக்கு, போயிடலாம்.”

எத்திராஜ் சிரித்தார். “நல்லதாப் போச்சு. ஏறு.”

முதலைகள் திரியும் ஆறு. துடுப்பை அவளே வலித்தாள். அக்கரையில் அவர் முதலில் இறங்கினார். “கையைக் குடு, வேதா.”

அவள் கை நீட்டவில்லை. துடுப்பைக் கரையில் ஊன்றி ஓங்கித் தள்ளினாள்!

“ஏய்! எங்கே போறே?”

துப்பாக்கி வெடித்தது. பரிசலில் ஓட்டை! கணுக்கால் வரை தண்ணீர். அடுத்த குண்டு காதோரம் விர்ரென்று போனது. மணல்திட்டில் கட்டையாகக் கிடந்த ஒன்று ஓசையில்லாமல் நீருக்குள் இறங்கியது. வெறி பிடித்தவள்போல் துடுப்பு வலித்தாள். பரிசல் அமிழும்போது அவள் கை இக்கரையில் ஒரு வேரைப் பற்றியது.

கழுத்தில் தொங்கிய டிரான்சிஸ்டரோடு குன்றில் ஏறினாள். எத்திராஜின் கருவி தூரமாகிவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒலி அடங்கிய திசையிலேயே போனாள். எதிரே ஒரு குகை!

உள்ளே கோமதிநாயகம், ஓங்கிய கையில் கல்லோடு. “யாரு?”

“நான்தான்டா, வேதா. கல்லைக் கீழ போடு.”

அவன் ஃபிலிம் சுருளை அவள் கையில் திணித்தான். “எத்திராஜ் சார் வரலையா?”

“அக்கரை வரைக்கும் வந்தார்.” அவனைத் தோளில் தாங்கித் தூக்கினாள். “வா, நாம இந்தப் பக்கமா இறங்கிடுவோம்.”