உப்புப்பாறை

மான்கள் முன்பே வந்து நின்றிருந்தன. அதுதான் தனகோட்டிக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வருடமாக, அவன் வந்து, வேலையை முடித்து, ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய், புழுதி அடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகப் புதரை விட்டு வெளியே வரும். இன்று பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு, காக்கைகூட நிழல் தேடுகிற சித்திரை வெயிலில், நாற்பதுக்குக் குறையாமல் பாறையைச் சுற்றி நின்று அவன் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தன. ஹாரன் அடித்தான். ஒன்றும் நகரவில்லை.

"அட, திமிரப் பாரு," என்றான். சிரிக்க வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன் தனகோட்டி. கோட்டை பார்க்க வருகிறவர்களை ராஜகிரி அடிவாரத்தில் இறக்கிவிட்டு இறக்கிவிட்டுச் சலித்துப்போய், ஒரு பழைய ஜீப்பை வாங்கிப் பச்சை பெயின்ட் அடித்து, வல்லம் தாண்டிக் காட்டோரம் கிடந்த மாமனார் நிலத்தில் 'மான் சஃபாரி' என்று போர்டு மாட்டிவிட்டான். 'மறக்க முடியாத காட்டு அனுபவம்' என்று நோட்டீஸும் அடித்தான். போர்டு மாட்டிவிட்டால் மான் வந்துவிடுமா? அதற்குத்தான் உப்பு. வாரம் ஒருமுறை கேன் நிறையக் கெட்டியான உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பாறையில் ஊற்றுவான். பாறை குடித்துக் காயும், மான்கள் வந்து நக்கும், ஆட்கள் போட்டோ எடுப்பார்கள். இந்தச் சூட்சுமம் பெண்டாட்டி ஷோபனாவுக்கும் தெரியாது, ஆட்களை வேனில் கூட்டிவருகிற ஜெயக்குமாருக்கும் தெரியாது. கேட்டால், எல்லாம் என் கைராசி என்பான்.

அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் வைத்திருந்தான். லீவு நாள் கூட்டம் வருவதற்கு முன் இரண்டு வாரம் உப்பை நிறுத்திவிடுவான். காயப்போட்டால்தானே மந்தையாக வரும்! போன வாரம் எட்டிப் பார்த்தபோது, ஒரு பெட்டை மான் செத்த மாட்டின் எலும்பை வாயில் குறுக்கே வைத்து மென்றுகொண்டிருந்தது. உப்பு ஏக்கம். பாவம் என்று தோன்றவில்லை அவனுக்கு. வேலை செய்கிறது என்று தோன்றியது.

போன் அடித்தது. ஜெயக்குமார்.

"அண்ணே, சாயந்திரம் பன்னெண்டு பேரு. எல்லாம் மெட்ராஸு. மான் வந்துடுமா?"

"வராம எங்க பூடும்? அஞ்சு மணிக்கு கூட்டியா. வெள்ளக் கல்லத் தாண்டாத. எவனும் வண்டிய உட்டு எறங்கக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது. சொல்லிட்டன்."

"நீ வரலியா?"

"அவலூர்பேட்டைல டயர் பாக்கப் போறன். நைட்டுதான் வருவன்."

ஷோபனாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். போனை டாஷ்போர்டில் வைத்தான்.

உப்புப்பாறைக்குப் பின்னால் ஒரு பள்ளம். பாதையிலிருந்து பார்த்தால் அங்கே வண்டி நிற்பது தெரியாது. வழக்கம்போல் ஜீப்பின் பின்பக்கம் பாறையை ஒட்டி வரும்படி அதில் இறக்கினான். கைபிரேக் பிடிக்காத வண்டி. இறங்கியதும் சக்கரத்துக்குக் கல் வைப்பான். இன்று கண் முழுக்க மான்கள் மேலேயே இருந்தது. கல்லை மறந்தான்.

பின்கதவைத் திறந்து கேனைத் தோளுக்குத் தூக்கும்போது வண்டி மெல்ல முனகியது. முனகிக்கொண்டே நகர்ந்தது. விலக இடமில்லை. பம்பர் வந்து இரண்டு முழங்காலையும் பாறையோடு வைத்து அழுத்தியது. முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம் கேட்டது. அது தன்னுடைய கால் என்று புரிவதற்குள் பாறைமேல் மல்லாந்து சரிந்திருந்தான். கேன் அவன்மேல் கவிழ்ந்து, இருபது லிட்டர் உப்புத் தண்ணீரும் தலையிலிருந்து இடுப்புவரை ஓடியது.

கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். கொஞ்ச தூரத்தில் ஒரு மயில் பதிலுக்கு அகவியது, அவ்வளவுதான். டீசல் நாற்றம், சூடேறிய இரும்பின் நாற்றம், கீழே எங்கோ தன் ரத்தத்தின் வாடை. வெயில் சட்டையைக் காயவைக்கக் காயவைக்க, கையில், மார்பில், கழுத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. தோல் இழுத்துப் பிடித்தது. ஒரு மணி ஆகியிருக்கும். ஐந்து மணிக்கு ஜெயக்குமார் வருவான். நாலு மணி நேரம். பல்லைக் கடித்துக் கிடந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சருகில் குளம்புச் சத்தம். மெதுவாக, நின்று நின்று.

பள்ளத்தின் விளிம்பில் தலைகள் தெரிந்தன. ஈர மூக்குகள், மை தீட்டியது போன்ற கண்கள். ஆட்கள் காசு கொடுத்துப் பார்க்க வருகிற அதே கண்கள்தான். முதலில் ஒரு பெட்டை இறங்கி வந்தது. பக்கத்தில் நின்று மூச்சு விட்டது. பச்சைத் தழை வாசனை. பிறகு அவன் உள்ளங்கையை நக்கியது.

கூசியது. அவ்வளவு வலியிலும் அவனுக்கு ஒரு சிரிப்பு வந்தது. "த்தூ, போ," என்று கையை விசிறினான். இரண்டு அடி பின்னால் போனது. திரும்பி வந்தது, கூட மூன்றோடு.

அரை மணி நேரத்தில் கூச்சம் எரிச்சலானது. மான் நாக்கு மெத்தென்று இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்க்கிற சத்தம். சரக். சரக். ஒரே இடத்தில். கையில், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில். அடித்தான், முகத்தில் குத்தினான், கல்லைப் பொறுக்கி வீசினான். ஒரு கொம்பு மான் தலையைத் தாழ்த்தி ஒரே ஒரு முறை முட்டியது. வலது கை தோளோடு தொங்கிப்போனது. அதற்குப் பிறகு அவை பயப்படவே இல்லை.

டாஷ்போர்டில் போன் அடித்தது. ஷோபனாதான், சாப்டியா என்று கேட்க இந்நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது.

உப்பு தீர்ந்தால் போய்விடும் என்று நம்பினான். ஐயோ, அந்த நம்பிக்கைதான் எத்தனை நேரம் தாங்கியது! மேல்தோல் போன இடத்தில் ரத்தம் கசிந்தது. ரத்தமும் உப்புக் கரிக்கும். வியர்வையும். மான்கள் போகவில்லை. இடம் பிடிக்க ஒன்றையொன்று நெட்டின.

உதடு போயிருந்தது. சத்தமும் போயிருந்தது. தொண்டையிலிருந்து வெறும் முனகல்தான் வந்தது.

எப்போது நிழல் நீண்டது என்று தெரியவில்லை. ஒரு என்ஜின் சத்தம். வந்துவிட்டான்! ஜெயக்குமார் வந்துவிட்டான். வண்டி நின்றது. என்ஜின் அணைந்தது.

அப்புறம் அமைதி. அவன் சொல்லிக்கொடுத்த அமைதி.

காற்றில்லாத சாயங்காலம். வண்டி நிற்கிற வெள்ளைக் கல்லிலிருந்து பாறைக்கு எண்பது தப்படிதான். கிசுகிசுப்பு தெளிவாக விழுந்தது.

"அய்யோ, எவ்ளோ மான்! எல்லாம் அந்தப் பள்ளத்துலயே நிக்குது பாருங்க."

"தண்ணி இருக்கும். உஷ்."

தனகோட்டி மார்பை எக்கி, உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினான். நீளமான, கரகரத்த ஒரு ஊளை வந்தது.

"என்னங்க அது?"

"கொம்பு மான் சார்," என்றான் ஜெயக்குமார், அடங்கிய குரலில், பெருமையாக. "ஜோடி தேடுது. சீசன்ல அப்படித்தான் கத்தும். எங்க அண்ணன் சொல்லிக் குடுத்தது."

தனகோட்டி மறுபடி கத்தினான். கேமராக்கள் கிளிக் கிளிக் என்றன. மறுபடி. யாரோ ரெக்கார்ட் பண்ணுங்க என்றார்கள்.

"இன்னும் கிட்டப் போலாமா?"

"கூடாது சார். அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடும்."

இருபது நிமிடம். கணக்கு தனகோட்டி வைத்ததுதான். என்ஜின் கிளம்பியது. சத்தம் சின்னதாகி, வல்லம் ரோட்டில் ஏறி, இல்லாமல் போனது.

அழுகை முட்டியது. அழக் கூடாது. அழவே கூடாது. கண்ணை இறுக்கி மூடினான். இமைக்கு அடியில் சூடாக ஊறியது. ஊறி, ஓரத்தில் வழிந்தது.

பெரிய மான்களின் கால்களுக்கு நடுவே ஒரு குட்டி நுழைந்து வந்தது. இவ்வளவு நேரம் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அவன் முகத்தருகே முன்னங்காலை மடக்கி உட்கார்ந்து, மூடியிருந்த இமையின் மேல் மெதுவாக நாக்கை வைத்தது.