பிரபுவைக் கொல்லாதீர்கள்!

ஷிராதானி ஊரில் அந்த வாரம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நோரிகதா பிரபுவைக் கொல்லப் போகிறார்கள்.

இத்தனைக்கும் அவர் இறந்து நானூற்றைம்பது வருடங்கள் ஆகிவிட்டன. பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்து மிகுமோ குலத்துச் சாமுராய்கள் படையெடுத்து வந்தார்கள். இந்தப் பக்கத்து தகஹாரா குலத்தோடு ஆற்றங்கரையில் சண்டை போட்டார்கள். தகஹாரா குலத்தின் தலைவர், அதாவது ஷிராதானியின் பிரபு, அந்தச் சண்டையில் இறந்துபோனார். ஒரே ஒரு பத்தி. தேர்வில் இரண்டு மதிப்பெண்.

ஆனால் ஜனவரி மாதம் அந்தக் கதை தொலைக்காட்சியில் ஞாயிறு தொடராக வர ஆரம்பித்ததும் எல்லாம் மாறிவிட்டது. பிரபு வெள்ளத்தில் குதித்து ஒரு எருதைக் காப்பாற்றினார். பனியில் நடுங்கிய காவல்காரனுக்குத் தன் மேலங்கியைப் போர்த்தினார். சிரிக்கும்போது அவருடைய ஒரு புருவம் மட்டும் மேலே போகும். இலையுதிர் காலம் வருவதற்குள் ஊரே அவர் மேல் உயிரை வைத்துவிட்டது.

அதனால்தான் கோதோனேயின் அப்பா நடத்தும் நூடுல்ஸ் கடையில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய தாள் தொங்கியது. "பிரபுவைக் கொல்லாதீர்கள்!" என்று அதில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் மீன்கடை தொகுரா மாமா. தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்புவதற்காக அதில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"மாமா, அவர் நிஜமாவே செத்துட்டாரே. அதை எப்படி மாத்துவாங்க?" என்று கேட்டாள் கோதோனே. அவளுக்குப் பத்து வயது.

"ஏம்மா, ஒரு சின்னக் காயத்தோட விட்டா என்னவாம்? கையில லேசா ஒரு வெட்டு. அது போதாதா?" என்றார் தொகுரா மாமா. சலூன் நடத்தும் ஹிசாயோ அக்கா, அவரிடம் கைக்குட்டையை நீட்டினார்.

கோதோனேக்கும் பிரபு என்றால் உயிர்தான். ஆனால் அவளுக்கு இன்னும் பிடித்தது அந்தக் காலத்துத் தலைக்கவசங்கள். பிறை வைத்தவை, மான் கொம்பு வைத்தவை, தும்பி வைத்தவை என்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்து தள்ளுவாள். வகுப்பில் அவளைப் போலவே வரைகிற ஒரே ஆள் இபுகி.

இபுகி ஒரு மாதத்துக்கு முன்புதான் பள்ளியில் சேர்ந்தான். அவன் அப்பாவுக்கு வனத்துறையில் வேலை. மாற்றலாகி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அவன் அதிகம் பேசமாட்டான், ஆனால் கொம்பு வரைந்தால் கொம்பு குத்தும். வந்த முதல் வாரமே இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள்.

போன ஞாயிறு தொடரின் முடிவில், அடுத்த வாரக் காட்சியைக் கொஞ்சம் காட்டினார்கள். மிகுமோ வீரன் ஒருவன் மழையில் பிரபுவுக்கு எதிரே ஈட்டியோடு நின்றான். பிரபுவைக் கொல்லப்போகிறவன் அவன்தான். "நான் ஒசாசா கெம்பெய்!" என்று தன் பெயரைச் சொன்னான்.

இபுகியின் குடும்பப் பெயரும் ஒசாசாதான்.

திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தில், வகுப்பில் ஐந்தாறு பேர் மேசைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "டேய் ஒசாசா, அது உன் சொந்தக்காரரா?" என்று கேட்டான் கென்கோ.

இபுகி பொய் சொல்லத் தெரியாதவன். "எங்க வம்சத்துப் பெரியவர்" என்றான்.

"அய்யய்யோ! கொலைகாரன் வம்சம் நம்ம வகுப்புலயே இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். கோதோனேக்கும் ஒரு நல்ல வேடிக்கை தோன்றியது. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"இபுகி, எங்க கடையில வந்து கையெழுத்துப் போடு. கொல்றவங்களே வேண்டாம்னு சொல்லிட்டா டிவிக்காரங்க என்னதான் செய்வாங்க?"

சிரிப்பு கூரையைத் தொட்டது. கோதோனேக்குப் பெருமையாக இருந்தது, இபுகியின் முகத்தைப் பார்க்கும்வரை. அவன் பால் பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் முதல் அவளோடு பேசவில்லை. நோட்டில் வரையவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு செய்தி வந்தது. பழைய ஊருக்கே போய்விடலாம் என்று இபுகி வீட்டில் கேட்டிருக்கிறானாம். மாதக் கடைசியில் போகலாம் என்று அவன் அப்பாவும் சொல்லிவிட்டாராம்.

கோதோனேக்கு நெஞ்சில் முள் தைத்தது போல இருந்தது.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நூடுல்ஸ் கடையில் கால் வைக்க இடமில்லை. பாய் விரித்த மேடையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, எல்லோரும் சுவரில் இருந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் மழை கொட்டியது. ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. குதிரைகள் சரிந்தன, கொடிகள் சேற்றில் விழுந்தன. கடைசியில் கூழாங்கல் கரையில் பிரபு மட்டும் உடைந்த ஈட்டியோடு தனியாக நின்றார். எதிரே ஒசாசா கெம்பெய். இருவரும் தங்கள் பெயரைச் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் தலை வணங்கினார்கள். பிரபுவின் ஒரு புருவம் மேலே போனது.

"வேண்டாம்! என்னால பார்க்க முடியாது!" என்று அலறினார் தொகுரா மாமா. கையில் இருந்த ரிமோட்டை அழுத்திவிட்டார். திரை கறுத்துப்போனது.

யாரும் அவரைத் திட்டவில்லை. ஹிசாயோ அக்கா தேம்பினார். தொகுரா மாமா துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கோதோனே சமையலறைக்கு ஓடினாள். அங்கே பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு குட்டித் தொலைக்காட்சி இருந்தது. அது ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கரண்டியைப் பிடித்தபடி அதன் முன்னால் அசையாமல் நின்றார்.

சண்டை முடிந்திருந்தது. பிரபு கரையில் கிடந்தார். தூரத்தில் மிகுமோ வீரர்கள் சங்கு ஊதி, "ஜெயிச்சுட்டோம்! வா!" என்று ஒசாசாவைக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். தன் அங்கியை அவிழ்த்துப் பிரபுவின் மேல் போர்த்தினான். பிறகு பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

ஒரு வசனம் இல்லை, இசை இல்லை. மழைச் சத்தமும் ஆற்றுச் சத்தமும் மட்டும்தான். காக்கைகள் வந்தபோது கையை வீசி விரட்டினான். இருட்டியது, மழை நின்றது, வானம் வெளுத்தது. அப்போதும் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அடுப்பில் நூடுல்ஸ் தண்ணீர் பொங்கி வழிந்தது. அப்பாவும் கவனிக்கவில்லை, மகளும் கவனிக்கவில்லை. கோதோனேயின் கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு பெரிய எதையோ இவ்வளவு சின்னத் திரையில் பார்த்துவிட்டோமே என்று பிரமித்து நின்றாள்.

மறுநாள் மாலை, பள்ளி வாசலில் இபுகி பள்ளிக்குள் போடும் காலணியை மாற்றும்போது அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இபுகி, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. மன்னிச்சுடு."

"கொன்னது நிஜம்தானே" என்றான் அவன், குனிந்தபடியே.

"நேத்து பார்த்தியா?"

"இல்ல. அம்மா டிவி வயரையே பிடுங்கி வச்சுட்டாங்க."

"சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மறுபடி போடுவாங்க. எங்க கடைக்கு வா. நீ கட்டாயம் பார்க்கணும்."

"உங்க கடைக்கா? மீன்கடை மாமா என்னைத் துண்டு போட்டுடுவார்."

"கத்தியெல்லாம் அவர் கடையிலதான் இருக்கும். வெறுங்கையோடதான் வருவார்."

இபுகியின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. வருகிறேன் என்றும் சொல்லாமல் போய்விட்டான்.

சனிக்கிழமை மதியம் கடைக்கு எல்லோரும் வந்தார்கள். ஆனால் பழக்கத்தினால் வந்தார்களே தவிர, தொலைக்காட்சியைப் போட விடவில்லை.

"ஒரு தடவை செத்தது போதும். ரெண்டாவது தடவை வேற சாகணுமா?" என்றார் தொகுரா மாமா.

கோதோனே ரிமோட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்குக் கீழே போய் நின்றாள்.

"மாமா, நம்ம பிரபு செத்தப்போ யார் அவர் கூட இருந்தா?"

"நாமதான்! ஊரே இருந்தோமே!"

"இல்ல மாமா. நாம டிவியை அணைச்சுட்டோம். அவரைத் தனியா விட்டுட்டோம். கடைசி வரைக்கும் கூட இருந்தது ஒருத்தர்தான். அது யாருன்னு நீங்க பார்க்கவே இல்ல."

கோதோனே பொத்தானை அழுத்தினாள்.

மழை, ஆறு, பெயர் சொல்லுதல், தலை வணங்குதல். இந்த முறை யாரும் கண்ணை மூடவில்லை. ஒசாசா தன் அங்கியைப் போர்த்தியபோது ஹிசாயோ அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அவன் காக்கைகளை விரட்டியபோது தொகுரா மாமாவின் கையும் அவரை அறியாமல் வீசியது. திரையில் விடிந்தது. அத்தோடு தொடரும் முடிந்தது.

"அப்புறம்?" என்றார் தொகுரா மாமா. "அவர் உடம்பு எங்க போச்சுன்னு இந்த ஊருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அப்புறம் அந்த ஆள் அவரை அங்கேயே விட்டுட்டுப் போயிட்டானா?"

"விடல."

குரல் வாசலிலிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். கதவைப் பாதி திறந்துகொண்டு இபுகி நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது.

"ராத்திரி முழுக்க உட்கார்ந்தாரான்னு எனக்குத் தெரியாது. அது டிவிக்காரங்க எழுதினதா இருக்கலாம். ஆனா அங்கேயே விடல. எங்க ஊருக்குத் தூக்கிட்டுப் போய் கோயில்ல அடக்கம் பண்ணினார். வீட்டுல முன்னோர் மாடத்துல பிரபுவோட பேரை எழுதி வச்சார். இன்னும் இருக்கு. தினமும் காலையில வடிக்கிற முதல் சோறு அவருக்குத்தான். அதுக்கப்புறம்தான் எங்க முன்னோருக்கெல்லாம்."

"நானூத்தம்பது வருஷமாவா?" என்றார் ஹிசாயோ அக்கா.

"ஆமா. இன்னிக்குக் காலையில நான்தான் வச்சேன்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றாள் கோதோனே.

"யாரும் கேக்கலையே."

தொகுரா மாமா மெல்ல எழுந்தார். "தம்பி, அந்த மாடம் மலைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கும்?"

"இல்ல. எங்க அப்பாதான் மூத்த பிள்ளை. அதனால எங்களோடதான் இருக்கும். வீடு மாறும்போது அம்மா மடியில வச்சு எடுத்துட்டு வந்தாங்க. கிளினிக்குக்குப் பின்னாடி, எங்க வாடகை வீட்டுலதான் இருக்கு."

கடையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒரு மாதமாகப் பிரபு ஷிராதானியில்தான் இருக்கிறார். ஊரே அவரைக் காப்பாற்றக் கையெழுத்து வேட்டை ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் கிளினிக்குக்குப் பின்னால் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

தொகுரா மாமா பாயில் மண்டியிட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி பாயில் படும்வரை குனிந்து அந்தப் பத்து வயதுப் பையனை வணங்கினார்.

"எங்க பிரபுவை இத்தனை காலம் பார்த்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றி."

இபுகி பதறிப்போய் அவனும் மண்டியிட்டுக் குனிந்தான். யார் முதலில் நிமிர்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"எழுந்திரிங்க மாமா. இவங்க மாசக் கடைசியில போகப்போறாங்க" என்றாள் கோதோனே.

தொகுரா மாமா துள்ளி எழுந்தார். "போறதா? நீ போனா பிரபுவும் போயிடுவாரா? விடமாட்டோம்! யாராவது இவனை ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் தெரியும்! இரு, நான் போய் ஒரு நல்ல மீனா எடுத்துட்டு வரேன். பிரபுவுக்கு வை."

"மாடத்துல மீன் வைக்கக் கூடாது மாமா."

தொகுரா மாமா வாழ்க்கையில் முதல் முறையாக மீன்கடைக்காரராக இருப்பதற்கு வருத்தப்பட்டார்.

"நூடுல்ஸ் வைக்கலாமா?" என்று சமையலறையிலிருந்து அப்பா கேட்டார். "மீன் சாறு வேண்டாம். காளான் சாறு ஊத்தித் தரேன்."

"வைக்கலாம்" என்றான் இபுகி. அவன் இப்போது நிஜமாகவே சிரித்தான். "அப்பா மாற்றல் கேட்டு ஒரு கடிதம் எழுதி வச்சிருக்கார். அனுப்ப வேண்டாம்னு சொல்லிடறேன்."

ஆவி பறக்கும் கிண்ணத்தைத் தட்டில் வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் கோதோனே தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் கடையில் இருந்த அத்தனை பேரும் வரிசையாக வந்தார்கள். கதவைத் திறந்த இபுகியின் அம்மா திகைத்துப்போனார். வாசலில் காலணி வைக்க இடம் போதவில்லை.

மாடம் சின்னதுதான். உள்ளே விரல் உயரத்தில் ஒரு கறுப்புப் பலகை. ஊதுபத்திப் புகையில் எழுத்துகள் மங்கியிருந்தன. பாடப் புத்தகத்தில் படித்த பெயர், திரையில் பார்த்த பெயர், இங்கே காலைச் சோற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. கோதோனே கிண்ணத்தை வைத்துவிட்டுக் கைகூப்பினாள். அவளுக்குப் பின்னால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இபுகி சின்ன மணியை ஒரு தட்டுத் தட்டினான். வீட்டில் இருப்பவரிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான்.

"பிரபு, உங்க ஊர்லேருந்து வந்திருக்காங்க."